ஆடாத கட்டுமரம்

என் புருசனுக்கு ஒரு கட்டுமரம் வாங்கிக் கொடுக்கப் போய் நான் மூன்று பேரோடு கைகலந்தேன். ஒருவர் புருசன். ஒருவன் புருசனின் தமையன். மூன்றாவது ஆள் குச்சவெளிக் கிழவர் ஒருவர். அவரைக் கடலில் தள்ளி விழுத்தினேன். இதில் கிழவரைத் தள்ளியதற்கு மட்டும்தான் வெட்கப்பட வேண்டும் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது கிழவரை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது, தமையனை நினைத்தால்தான் நெஞ்சு கனக்கிறது.

நாங்கள் அப்போது உப்புவெளியில் இருந்தோம். பேக்கரியில் பாணுக்கு விடிய எழும்பி வரிசையில் நின்ற காலம். பிள்ளை குட்டி எங்களுக்கு இல்லை. கடற்கரையோடு ஒட்டிய ஓலைக் கொட்டில், சமைக்க ஒரு குசினி, ஒரு தையல் மெஷின், கரையில் ஒரு வள்ளம், அவ்வளவுதான் எங்கள் சீவியம். வள்ளம் என்றால் ஒரே மரத்தைக் குடைந்து செய்த ஒடுங்கிய வள்ளம். அதில் அவர் தூண்டில் போடப் போவார். ஆனால் அது பேருக்குத்தான். மெய்யான தொழில், தமையனின் பெரிய வள்ளத்தில் போய் டைனமைட் எறிவது. கல்லுடைக்கிற இடங்களுக்கு வருகிற டைனமைட்டில் ஒன்றிரண்டு எப்படியோ எங்கள் கரைக்கும் வந்துவிடும். மீன் கூட்டத்தைக் கண்டால் திரியைப் பற்றவைத்து எறிவது, வெடித்து மிதக்கிற மீனை அள்ளுவது, இதுதான் வேலை. எறிகிறவர் என் புருசன். அவர் குறி வைத்தால் தப்பாது என்று கரையில் பேர்.

ஒருநாள் திரி கட்டையாகப் போய்விட்டது. வலக்கை மணிக்கட்டோடு போனது. இடுப்புச் சாரத்தால் சுற்றி அவரைத் தூக்கிக்கொண்டு வந்து மணலில் போட்டார்கள். நான் சாரத்தை விலக்கிப் பார்த்தேன், கை இருந்த இடத்தில் வெள்ளை எலும்பும் கருகிய தோலும் இருந்தன. தமையன் என் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"ஆஸ்பத்திரியில எஞ்சின் காத்தாடி வெட்டினது எண்டு சொல்லு. டைனமைட் எண்டு வாய் திறந்தியோ, எல்லாரும் உள்ளுக்கதான்."

அப்படியே சொன்னேன். டொக்டர் அவருடைய பொசுங்கிய புருவத்தையும் கருகிய தலைமயிரையும் பார்த்தார். "என்னம்மா, காத்தாடி மயிரையும் எரிக்குமோ?" என்று கேட்டார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல மனிசன், அதற்கு மேல் கேட்கவில்லை.

காயம் ஆற மூன்று மாதம் பிடித்தது. இடக்கையால் அவர் முதலில் பழகிக்கொண்டது சாப்பிட இல்லை, அடிக்க. சோறு ஆறிப் போனால் அடி. நான் பிசைந்து ஊட்ட வந்தால் அடி. ஊட்டாமல் விட்டால் "கையில்லாதவன் எண்டு நாய்க்கு வைக்கிற மாதிரி வைக்கிறியோ" என்று சோற்றுக் கோப்பை பறக்கும். நானும் வாங்கிக்கொண்டு மூலையில் இருந்து அழுகிற ஆள் இல்லை. ஒருநாள் அகப்பைக் காம்பு முறிய முறியத் திருப்பி அடித்தேன். பக்கத்து வீட்டுச் சனம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது. "என்ன படம் ஓடுதோ இஞ்ச?" என்று அவர்களுக்கும் ஏசினேன். அடித்து முடிய இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நிலத்தில் இருப்போம். பிறகு நான் தேத்தண்ணி வைப்பேன்.

அந்த நிலையில்தான் தமையன் வந்தான். கதிரையை இழுத்துப் போட்டு அதில் குந்தினான். தம்பியின் மொட்டைக் கையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக் கதைத்தான்.

"இப்ப நான்தான் எறியிறன். என்ர குறி சரியில்லை, பாதி வீண். நீ வா. எறியிறதுக்கு ஒரு கை காணும்தானே. பத்தவைக்க வாயில பீடி இருக்கு. நீ நிண்டு எறி, மிச்சத்த நாங்கள் பாப்பம்."

"குறி தப்பாத கைய ஆஸ்பத்திரிக் குப்பையில போட்டிட்டு வந்திருக்கிறம், அத்தான்," என்று தமையனிடம் சொன்னேன். "போய்க் கிண்டி எடுங்கோ."

"ஆம்பிளையள் கதைக்கேக்க நீ ஏன் வாய் வைக்கிறாய்?"

நான் புருசனைப் பார்த்தேன். பக்கத்தில் கிடந்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றை அவருடைய இடக்கை எடுத்து, மெல்ல மேலும் கீழும் ஆட்டிப் பாரம் பார்த்துக்கொண்டிருந்தது. போனால் மிச்சக் கையும் போகும், இல்லாவிட்டால் ஆளே போவார். அதற்கு முதல் இந்த மனிசனைத் தூண்டிலோடு கடலில் இருத்திவிட வேண்டும். வேறு ஒரு நினைப்பும் அன்றிலிருந்து எனக்கு இல்லை.

"உங்கட வள்ளம் கரையில கிடந்து காயுது. தூண்டிலுக்குப் போங்கோவன்," என்று அரித்து எடுத்தேன். ஒரு கிழமை, ஏழு நாளும் ஏசிவிட்டுப் போனார். கடல் அடங்கிக் கிடந்த நாள். நான் தள்ளிவிட்டேன். முழங்கால் உயர அலைதான், அதற்கே வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. வள்ளத்தில் போகிறவன் துடுப்பைப் போடவும் வேண்டும், உடம்பால் சமன் பிடிக்கவும் வேண்டும், உள்ளே வந்த தண்ணியை இறைக்கவும் வேண்டும். ஒரு கையால் அவர் எதைச் செய்வார்? கவிழ்ந்து, வள்ளத்துக்குக் கீழே அகப்பட்டு, உப்புத் தண்ணி குடித்து, கரைவலைக்காரர் இழுத்துப் போட்டதால் பிழைத்தார். இழுத்தவர்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான்.

அவர் எழும்பி வீட்டுக்குப் போய்க் கோடரியோடு வந்தார். இடக்கையால் வள்ளத்தை வெட்டத் தொடங்கினார். கோடரி நேரே விழவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. தடுக்கப் போன ஒருவனுக்குக் கோடரிப் பிடியால் நெஞ்சில் விழுந்தது. பிறகு ஒருவரும் கிட்டப் போகவில்லை. வள்ளம் இரண்டாகப் பிளக்கும்வரை வெட்டினார். அன்று இரவு அதிலிருந்து பிய்ந்த துண்டுகளைத்தான் நான் அடுப்பில் வைத்துச் சோறு காய்ச்சினேன். வேறு விறகும் இருக்கவில்லை.

அடுப்புக்கு முன்னால் இருந்துதான் யோசித்தேன். கடலுக்குப் போகாத பெண்பிள்ளைதான், ஆனால் பிறந்ததிலிருந்து கரையில் நின்று பார்க்கிறேன், எனக்குக் கண் இல்லையா? புதிதாக வந்த பிளாஸ்டிக் போட் எங்கள் கைக்கு எட்டாது, எஞ்சினும் வேண்டும். பெரிய வள்ளம் என்றால் ஆட்கள் வேண்டும், ஆட்கள் என்றால் தமையன். வள்ளம் உள்ளே குந்திப் போவது, அதுதான் அதில் கரைச்சல். தண்ணி உள்ளே வந்தால் வெளியே போகாது. கட்டுமரம் அப்படி இல்லை. நாலைந்து மரத்தைச் சேர்த்துக் கட்டி மேலே குந்திப் போவது. தண்ணி இடுக்கால் வரும், இடுக்கால் போகும். தாழ அதற்குள் இடமே இல்லை. புரண்டாலும் மரம் மரம்தான், திரும்ப ஏறி இருக்கலாம். ஒரு கையுள்ளவன் கடலில் இருக்க அதைவிட வேறு என்ன?

ஒரு குறை உண்டு. கட்டுமரத்தை அன்றன்று அவிழ்த்து மரங்களைக் கரையில் காயவைக்க வேண்டும். விட்டால் தண்ணி குடித்துப் பாரமாகிவிடும். அடுத்தநாள் போக முதல் திரும்பக் கட்ட வேண்டும். அந்தக் கட்டு ஒரு கையால் ஏலாது. என்னிடம் இரண்டு கை இருந்தது. ஆனால் எங்கள் கரையில் பெண்கள் தொழில் மரத்தில் கால் வைப்பதில்லை, தொழில் கயிற்றைத் தாண்டுவதும் இல்லை. வைத்தால் அந்த மரத்துக்கு மீன் வராது என்பார்கள்.

குச்சவெளியில் ஒரு கிழவர் முழங்கால் ஏலாமல் தொழிலை விட்டுவிட்டார், இரண்டு கட்டுமரம் விற்க வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். ஒன்று மூன்று மரத்தால் கட்டியது, ஒடுக்கம். மற்றது ஐந்து மரம், அகலம்.

"இத எடு பிள்ளை," என்று மூன்று மரத்தைக் காட்டினார். "பறக்கும்."

"பறக்க வேண்டாம் பெரியவர். கிடந்தாக் காணும்."

"மற்றது எருமை. இழுத்து இழுத்துச் சாகோணும்."

"ரெண்டையும் கட்டித் தண்ணியில விடுங்கோ, பாப்பம்."

"பாத்து உனக்கென்ன விளங்கும்?" என்று கேட்டாலும், மருமகனைக் கூப்பிட்டுக் கட்டுவித்துத் தண்ணியில் விட்டார். விட்டுவிட்டு மருமகன் போய்விட்டான். மூன்று மரத்தைக் கையால் அழுத்தினேன், உடனே சரிந்தது. ஐந்து மரத்தை அழுத்தினேன், அசையவில்லை. ஆனால் கை அழுத்துவதும் ஆள் ஏறுவதும் ஒன்றா? "ஓரத்து மரத்தில ஏறி நில்லுங்கோ பெரியவர்," என்றேன். முழங்காலைத் தட்டிக் காட்டினார். "அப்ப மருமகனைக் கூப்பிடுங்கோ." அவன் சந்தைக்குப் போய்விட்டானாம், நாளைக்கு வா என்றார்.

நாளைக்கு வர எனக்கு நேரம் ஏது? தமையன் முந்தாநாளும் வந்து போயிருந்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். நடுவில் குந்திப் பார்த்தேன், ஆடவில்லை. ஓரத்துக்குப் போய் நின்றேன், சற்றே தாழ்ந்தது, அவ்வளவுதான். பிறகு எனக்கு என்ன பிடித்ததோ, ஓர மரத்தில் நின்று இரண்டு காலாலும் குதித்தேன்.

கிழவர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு, ஏலாத முழங்காலோடு தண்ணிக்குள் ஓடிவந்தார். "இறங்கடி மூதேவி! மரத்தை நாசமாக்கிப் போட்டியே!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். முறுக்கிப் பிடித்த இடம் நொந்தது. ஒரே தள்ளு. மனிசன் கழுத்தளவு தண்ணியில் போய்க் குந்தினார்.

இருமி, துப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "பொம்பிளை ஏறின மரத்தை இனி ஆர் வாங்குவான்? நீதான் கொண்டு போகோணும்."

"அதுக்குத்தானே வந்தனான்."

இறங்கிப் போய்த் தூக்கிவிட்டேன். என் தையல் மெஷினைத் தருவது என்று பேச்சு முடிந்தது, அவருடைய மகளுக்கு அதில் ஆசை. புறப்படும்போது, "நான் ஏறினதை ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்றேன்.

"எனக்கென்ன விசரோ? பொம்பிளை தள்ளித் தண்ணியில விழுந்தனான் எண்டு ஊருக்குச் சொல்லுவனோ?"

மருமகன் கடலாலேயே மரத்தை உப்புவெளிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். என் புருசன் பார்த்தார். காறித் துப்பினார். "கட்டையில போ எண்டு சனம் திட்டுறது காணாதெண்டு நீ கட்டையே வாங்கிக்கொண்டு வந்திட்டியோ?" என்று கேட்டு மரத்தை உதைத்தார். பெருவிரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். வள்ளக்காரருக்குக் கட்டுமரத்தில் போவது கௌரவக் குறைவு. மூன்று நாள் அந்தப் பக்கம் போகவில்லை. நாலாம் நாள் நான் கஞ்சி காய்ச்சிக்கொண்டு நிற்கும்போது பார்த்தேன், ஆள் மரத்தின்மேல் ஏறிக் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு உடம்பை அப்படியும் இப்படியும் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கையாலேயே தைத்து, மொட்டைக் கையில் மாட்ட ஒரு வளையம் செய்து கொடுத்தேன். பிளந்த மூங்கில்தான் கட்டுமரத்துக்குத் துடுப்பு, நடுவில் பிடித்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் மாறி மாறிப் போட வேண்டும். வளையத்துக்குள் மூங்கிலைக் கொழுவி, மற்றக் கையால் பிடித்து அவர் அதைப் பழகினார். தோல் உரிந்து இரத்தம் வடியும், ஏசிக்கொண்டே போடுவார்.

கட்டு என்னுடையது. கிழக்கு வெளுக்கும்போது போய் ஐந்து மரத்தையும் அடுக்கி, முன்னுக்கும் பின்னுக்கும் கயிறு சுற்றி, காலால் உதைத்து இறுக்குவேன். கரையில் நிற்கிற ஆம்பிளைகள் முகத்தைத் திருப்புவார்கள். ஒருவன் என் காலடியில் துப்பினான். "உன்ர பெண்சாதிக்கும் துப்பிப் போட்டே சோறு தின்னுறனி?" என்று கேட்டேன். என் புருசன் "இறுக்கிக் கட்டு," என்பார், அவ்வளவுதான்.

முதல் நாள் இரண்டு விளைமீனும் ஒரு பாரைக் குஞ்சும். அந்தப் பாரையை நான் விற்கவில்லை, கறி வைத்தேன். இடக்கையால் முள் எடுத்துச் சாப்பிட்டு, தட்டை வழித்து, "உப்புக் கூடிப்போச்சு," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் கோப்பை உடையவில்லை. சந்தோசமாக இருந்தேன், அதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

தமையனுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு பின்னேரம், மரங்களை அவிழ்த்துக் காயப் போட்டுவிட்டுத் திரும்பினால், ஆள் குந்தியிருந்து என் கயிற்றைக் கத்தியால் துண்டு துண்டாக அறுத்துக்கொண்டிருக்கிறான். குடித்திருந்தான்.

"என்ன வேலை பாக்கிறியள் அத்தான்?"

"என்ர தம்பிய பிச்சைக்காரன் மாதிரி கட்டையில ஏத்திப்போட்டாய். பெத்து வளத்துப் பாத்தவளுக்கெல்லோ ஒரு ஆம்பிளையின்ர மானம் தெரியும். ஒண்டும் பெறாத சனியனுக்கு என்ன தெரியும்?"

மூங்கில் துடுப்பு பக்கத்தில் கிடந்தது. எடுத்தேன், ஓங்கினேன். முகத்தைத் தடுக்கக் கையைத் தூக்கினான். கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் ஒன்று போட்டேன், அது முதுகில். அவன் மணலில் புரண்டு ஓலமிட்டான். பொய் சொல்லி என்ன, எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. முறிந்தது வலக்கை, எறிகிற கை. இனி ஆறு மாதத்துக்கு இந்தக் கரையில் ஒருவனும் எறியமாட்டான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தலை சீவினேன்.

மூளை கெட்ட விசரி. நான் செய்த பெரிய பிழை அதுதான்.

தமையனுக்கு ஐந்து பிள்ளைகள். ஒருவன் கடலுக்குப் போக ஏலாமல் கிடந்தால் அவனுடைய அடுப்பைக் கூடப்பிறந்தவன் எரிக்க வேண்டும், அது எங்கள் கரையின் வழக்கம். என் புருசனுக்குக் கை போனபோது மூன்று மாதமும் எங்களுக்கு மீனும் அரிசியும் தந்தவன் அதே தமையன்தான், அதை நான் மறந்துவிட்டேன். தமையன் பெண்சாதி வந்து எங்கள் முற்றத்தில் மண்ணை அள்ளி வீசினாள். "என்ர அஞ்சும் உன்ர வாசலில வந்து பட்டினியில சாகட்டும், பாத்துக்கொண்டிரு!" என்று கத்தினாள். என் புருசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றிலிருந்து பிடிக்கிற மீனில் பாதி அந்த வீட்டுக்குப் போனது. தூண்டில் மீனில் பாதி என்றால் எத்தனை? இரண்டு வீட்டிலும் வயிறு காய்ந்தது.

பிறகு மெல்ல மெல்ல மீன் கூடியது. பறிக்கூடை நிறையக் கும்பிளா மீன். "கடல் தந்தது," என்றார். நான் சந்தோசப்பட்டேன். நாள்தோறும் விடிய இன்னும் இறுக்கிக் கட்டினேன். வருகிற மீனைக் கரையிலேயே மீன் யாவாரிக்கு விற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார், அதனால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் யாவாரி வரவில்லை. மீன் வீட்டுக்கு வந்தது. கருவாடு போட என்று கத்தியோடு குந்தினேன்.

முதல் மீனின் வயிற்றைக் கீறினேன், உள்ளே இரத்தம் கட்டியாகக் கிடந்தது. தூக்கினேன், நடுவில் துவண்டது. முள்ளந்தண்டு முறிந்திருந்தது. அடுத்த மீன். அதற்கு அடுத்த மீன். ஒன்றின் வாயிலும் தூண்டில் பட்ட காயம் இல்லை. வெடிபட்ட மீனை எனக்குத் தெரியாதா? பத்து வருசம் அதைத்தானே அரிந்தேன்.

அவர் வாசலில் இருந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். முறிந்த மீனை முகத்துக்கு முன் பிடித்தேன். "இதென்ன?"

பார்த்தார். பொய் சொல்லவில்லை. "அஞ்சு பிள்ளையள்," என்றார். "உன்ர கைதானே முறிச்சது."

"எப்பிடி எறியிறியள்? ஆர் கூட வாறது?"

"ஆரும் வேண்டாம். நீ பாத்து வாங்கின மரம் நல்ல மரம். எழும்பி நிண்டு எறிஞ்சாலும் ஆடாது. வள்ளத்தில எனக்கு ஒருநாளும் இப்பிடி வாய்க்கேல்லை."

கையிலிருந்த மீனாலேயே அவருடைய முகத்தில் அடித்தேன். அவர் எழும்பி அடித்த அடியில் நான் போய் அம்மியில் விழுந்தேன், நெற்றி பிளந்தது. எழும்பி அவருடைய மொட்டைக் கையைக் கடித்தேன். அவர் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினார். மண் சுவர், அதனால் பிழைத்தேன். கடைசியில் இரண்டு பேரும் இரத்தமும் மீன் செதிலுமாகக் கிடந்தோம். எனக்கு அடி நோகவில்லை. ஆடாத மரத்தை ஓடி ஓடித் தேடி வாங்கி, ஒவ்வொரு நாளும் விடிய இறுக்கிக் கட்டி, இந்த மனிசனைச் சாகத் தள்ளிவிட்டது நானேதான் என்பதுதான் நொந்தது.

அடுத்தநாள் விடிய நான் கட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கரையில் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் மரங்களை அடுக்கினார். கயிற்றின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, மறுமுனையை இடக்கையால் இழுத்தார். கயிறு வழுக்கியது. திரும்பக் கடித்தார். பல்லடி முரசு வெடித்து இரத்தம் நாடியால் வழிந்தது. நான் அசையவில்லை. "சாகட்டும், எனக்கென்ன" என்று எனக்குள்ளே சொல்லிச் சொல்லி நின்றேன். கடைசியில் ஒரு கட்டு விழுந்தது. என்ன கட்டு அது, சின்னப்பிள்ளை கட்டிய கட்டு. முதல் அலையிலேயே ஓர மரம் விலகி விலகி வந்தது. அதில் அவர் எழும்பி நிற்கப் போகிறார், கையில் பற்றிய டைனமைட்டோடு.

ஓடிப்போய் மரத்தைக் கரைக்கு இழுத்தேன். அவருடைய கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு என் கட்டைப் போட்டேன். உதைத்து உதைத்து இறுக்கினேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். தள்ளிவிடுவேன் என்று எண்ணியிருப்பார். நான் ஏறி, பின்னால் குந்திவிட்டேன்.

கரையில் இருந்தவர்கள் கூக்குரல் போட்டார்கள். "எடேய், பெண்சாதிய இறக்கடா!" என்று ஒருவன் கத்தினான்.

"இறங்கு," என்றார்.

"இறங்கமாட்டன்."

மூங்கிலால் என் தோளில் அடித்தார். நான் கயிற்றைப் பிடித்த பிடியை விடவில்லை. "அடியுங்கோ. நான் முந்தியே ஏறின மரம் இது. குச்சவெளியில ஏறிக் குதிச்சுப் பாத்துத்தான் வாங்கினனான். இதிலதான் இவ்வளவு நாளும் மீன் பிடிச்சியள்." அவருடைய வாய் திறந்தபடி நின்றது. பிறகு திரும்பிக் குந்தித் துடுப்பைப் போட்டார்.

கடலுக்கடியில் பாறை கிடக்கிற கல்லுப் பார் வரை போனோம். கரை சிறுத்துப் போனது. எனக்கு நீந்தத் தெரியாது, கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். தண்ணிக்குக் கீழே கும்பிளாக் கூட்டம் கறுப்பாக வந்தது. அவர் பறிக்குள்ளிருந்து பொலித்தீனில் சுற்றிய டைனமைட்டை எடுத்தார்.

"எறியுங்கோ," என்றேன். "நானும் பாக்கோணும். போனா ரெண்டு பேரும் போவம்."

என்னைப் பயப்படுத்த நினைத்தாரோ, தமையன் பிள்ளைகளை நினைத்தாரோ, எழும்பி நின்றார். மரம் ஆடவில்லை. வாயிலிருந்த பீடியில் திரியைப் பிடித்தார், பற்றியது. எறிய வேண்டியதுதான். ஆனால் அவர் திரும்பி என்னைப் பார்த்தார். என்ன பார்த்தாரோ, கை அப்படியே நின்றது. "எறியுங்கோ! ஐயோ எறியுங்கோ!" என்று கத்தினேன். எறிந்தார். அது தண்ணியைத் தொட முதல் வெடித்தது.

எனக்குத் தெரிந்தது வெளிச்சம் மட்டும்தான். பிறகு நான் கடலுக்குள் இருந்தேன், மூக்கால் வாயால் உப்பு. என் தலைமயிரை ஒரு கை பிடித்து இழுத்தது. முன் கட்டு ஒன்று அறுந்திருந்தது, மற்றவை நின்றன. மொட்டைக் கையைக் கயிற்றுக்குள் கொழுவிக்கொண்டு, இருந்த ஒரு கையால் அவர் என்னை மரத்தின்மேல் இழுத்துப் போட்டார். சுற்றிவர மீன் வயிறு வெளுக்க வெளுக்க மிதந்தது. அவர் அதைப் பார்க்கவும் இல்லை. என் வலக்காதிலிருந்து இரத்தம் வழிந்து சட்டையெல்லாம் சிவந்தது. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை.

கரைக்குத் திரும்பினோம். அவர் முன்னால் இருந்து துடுப்புப் போட்டார், முதுகுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சத் தூரம் போனபிறகுதான் கவனித்தேன், தாடை அசைந்துகொண்டே இருந்தது. கழுத்து நரம்பு புடைத்துப் புடைத்து அடங்கியது. அவர் எதையோ சொல்லிக்கொண்டு வந்தார். கையை எடுத்து அவருடைய முதுகில் வைத்தேன். குரல் உள்ளங்கையில் அதிர்ந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. பாரிலிருந்து கரை வரை அந்த அதிர்வு நிற்கவில்லை.

அன்றைக்குப் பிறகு அவர் டைனமைட்டைத் தொடவில்லை. தமையனின் கை பொருந்தும்வரை இரண்டு வீடும் தூண்டில் மீனிலும் என் கருவாட்டிலும் அரை வயிறாகக் கிடந்தன. என் இடக்காது மூன்றாம் நாள் திரும்பி வந்தது. வலக்காது வரவேயில்லை.

இடக்காது கேட்கத் தொடங்கிய அன்றே கேட்டேன். "மரத்தில வரேக்க என்ன சொன்னீங்கள்?"

"ஒண்டுமில்லை," என்றார்.

பிறகும் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், நல்ல நேரம் பார்த்தும் கேட்டிருக்கிறேன், சண்டைக்கு நடுவிலும் கேட்டிருக்கிறேன். ஒண்டுமில்லை என்றுதான் சொல்கிறார். கல்லுப் பாரிலிருந்து கரை எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். ஒன்றுமில்லாததை அவ்வளவு தூரத்துக்குச் சொல்ல ஏலாது.